கடலோரச் சிற்றூரில் வீடு வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறைக்குப் போன கடலோர ஊர் மனதுக்குப் பிடித்துப்போய், "இங்கேயே ஒரு வீடு வாங்கிப் போட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் நிறைய. பன்னிரண்டு வருடமாக அப்படிப்பட்ட ஊரில்தான் குடியிருக்கிறேன் என்பதால் நண்பர்கள், நண்பர்களின் உறவினர்கள் என்று பலருக்கும் பதில் சொல்லியாகிவிட்டது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். சட்டமும் வரியும் நாட்டுக்கு நாடு மாறும். உப்பும் காற்றும் தண்ணீரும் எங்கேயும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன. அதனால் அவற்றைப் பற்றியே அதிகம் பேசியிருக்கிறேன்.

ஊர் பிடித்துவிட்டது. உடனே வாங்கிவிடலாமா?

வேண்டாம். முதலில் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒரு முழு வருடம் இருக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் அந்த ஊரின் மிக மோசமான இரண்டு மாதங்களாவது இருங்கள். எது மோசமான மாதம் என்று விற்பவரிடமோ தரகரிடமோ கேட்டுப் பயனில்லை. "எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்" என்பார்கள். படகு வைத்திருப்பவரிடம் கேளுங்கள். எந்த மாதத்தில் படகை மேட்டில் ஏற்றிக் கட்டிவிடுகிறார் என்று சொல்வார். அந்த மாதத்தில் போய்த் தங்குங்கள்.

விடுமுறையில் பார்த்த ஊர்தானா இது என்று சந்தேகம் வரும். கடைகளில் பாதி மூடியிருக்கும். துவைத்த துணி மூன்று நாளானாலும் பிசுபிசுவென்றே இருக்கும். வாசற்கதவு ஈரத்தில் ஊதிப்போய், தோளால் ஒரு இடி கொடுத்தால்தான் திறக்கும். காலையில் ஜன்னல் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். பத்தாவது நாளும் "பரவாயில்லை, இருக்கலாம்" என்று தோன்றினால் அப்புறம் வீடு தேட ஆரம்பிக்கலாம்.

கடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்?

தூரத்தைக் கேட்பதற்கு முன்னால் உயரத்தைக் கேளுங்கள். கடலை ஒட்டிய பாறை மேட்டில் இருக்கும் வீடு வெள்ளத்திலிருந்து தப்பலாம். அரை கிலோமீட்டர் உள்ளே, முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் பள்ளத்தில் இருக்கும் வீடு மூழ்கலாம். புயல் நேரத்தில் கடல் முன்வாசல் வழியாக மட்டும் வருவதில்லை. ஆறு, காயல், வடிகால் என்று கிடைத்த வழியிலெல்லாம் புகுந்து கொல்லைப்பக்கமாகவும் வரும்.

காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் மட்டம் ஏறக்குறைய 1 செ.மீ. உயரும் என்பது ஒரு கணக்கு. ஆனால் புயலில் தண்ணீர் ஏறுவதற்கு இது சிறிய காரணம்தான். காற்று தண்ணீரைக் கரைப் பக்கம் தள்ளிக் குவிப்பதுதான் பெரியது. ஆழமில்லாத கடலாக இருந்தால் அந்தக் குவியல் இன்னும் உயரும். அதே நேரத்தில் ஓதமும் (கடல் தினமும் ஏறி இறங்குவது) ஏறியிருந்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். ஒரே வலுவுள்ள இரண்டு புயல்களில் ஒன்று தெருவை நனைத்துவிட்டுப் போவதற்கும் இன்னொன்று ஊரை அடித்துக்கொண்டு போவதற்கும் சில மணி நேர வித்தியாசமே காரணமாக இருக்கும்.

ஜப்பானில் அனேயோஷி என்ற சிற்றூரில், 1933ஆம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு ஒரு கல் நட்டார்கள். இதற்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று அதில் பொறித்திருக்கிறது. 2011 சுனாமி அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது, மேலே இருந்த வீடுகள் தப்பின. எல்லா ஊரிலும் கல் இருக்காது. ஆனால் "அந்த வருஷம் தண்ணி இந்தப் படி வரைக்கும் வந்தது" என்று விரலை நீட்டிக் காட்டும் பெரியவர் ஒருவர் இருப்பார். அவரைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை.

உப்பைப் பொறுத்தவரை தூரம் முக்கியம்தான். அலை உடையும் இடத்தில் நுரைக் குமிழிகள் வெடித்துத் தெறிக்கும் நுண்துளிகள்தான் உப்புக்காற்று. அதில் பெரும்பகுதி கரையை ஒட்டிய முதல் சில நூறு மீட்டருக்குள் படிந்துவிடும். நடுவில் ஒரு வரிசை மரமோ வீடுகளோ இருந்தால் இன்னும் குறையும். என்னைக் கேட்டால் இரண்டாவது அல்லது மூன்றாவது தெரு. கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை. மாடியிலிருந்து ஒரு துண்டுக் கடல் தெரிந்தால் போதும். முதல் வரிசைதான் வேண்டும் என்பவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், தெரியும்.

கரை அரிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் ஒரு விஷயம். எல்லாக் கரையும் அரிப்பதில்லை. 1984 முதல் 2016 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்து உலகத்தின் மணற்கரைகளை அளந்து பார்த்தார்கள். 24 விழுக்காடு ஆண்டுக்கு அரை மீட்டருக்கும் மேல் உள்வாங்கிக்கொண்டிருந்தது. 28 விழுக்காடு வளர்ந்துகொண்டிருந்தது. மீதி ஏறக்குறைய அப்படியே இருந்தது. அதனால் "கடலோரம் என்றாலே அரிப்பு" என்று பயப்படவும் வேண்டாம், "ஐம்பது வருஷமாக இப்படித்தான் இருக்கிறது" என்பதை அப்படியே நம்பவும் வேண்டாம்.

கணினியில் பழைய செயற்கைக்கோள் படங்களை வருடவாரியாகப் பார்க்கும் வசதி இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் வீட்டு மூலையிலிருந்து கரைக்கோடு வரை ஒரு அளவு எடுங்கள். இருபது வருடம் முந்தைய படத்திலும் அதே அளவு எடுங்கள். ஒரே பருவத்துப் படங்களாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். கொந்தளிப்புப் பருவத்தில் மணல் கடலுக்குள் போய், அமைதிப் பருவத்தில் திரும்பி வருவது இயல்பு. கரை அகலமாக இருக்கும் மாதத்துப் படத்தையும் குறுகலான மாதத்துப் படத்தையும் ஒப்பிட்டால் வீணாகப் பீதிதான் வரும்.

அப்புறம் நேரில் நடந்து பாருங்கள். மரங்களின் வேர் வெளியே தொங்குகிறதா? மணல் சரிவாக இறங்காமல் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கிறதா? அலைக்கு நடுவில் பழைய சுவரோ கிணற்று வளையமோ தெரிகிறதா? ஒரு கிணற்று வளையம் தண்ணீருக்குள் நின்றால், ஒரு காலத்தில் அது யாரோ ஒருவரின் கொல்லை.

அக்கம்பக்கத்தில் துறைமுகமோ தூண்டில் வளைவோ (கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல்தடுப்பு) கட்டப்போகிறார்களா என்றும் விசாரியுங்கள். கரையோரம் மணல் ஒரு திசையில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. குறுக்கே கல்லைப் போட்டால் ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் பட்டினி கிடக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைத்தடுப்பு கட்டியபோது இதுதான் நடந்தது. தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்து அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கத் தொடங்கியது. நீங்கள் வாங்கும் வீடு அந்தக் கல்லுக்கு எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி.

தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்களே, பாதுகாப்புதானே?

சுவர் எதற்காகக் கட்டினார்கள் என்று யோசித்தீர்களா? அங்கே பிரச்சினை இருந்ததற்கு அதுவே சாட்சி. சுவரில் மோதித் திரும்பும் அலை காலடி மணலைப் பறிக்கும். வருடங்கள் போகப் போக சுவர் நிற்கும், மணற்கரை காணாமல் போகும். சுவர் முடியும் இடத்துக்கு அடுத்த வீட்டில்தான் அரிப்பு கடுமையாக இருக்கும். வாங்கப்போகும் வீடு சுவரின் கடைசி முனையில் இருந்தால் நான் பின்வாங்கிவிடுவேன்.

கடல் மட்டம் உயர்கிறது என்கிறார்கள். நம் காலத்தில் அது ஒரு பொருட்டா?

உலகக் கடல் மட்டம் 1901க்கும் 2018க்கும் இடையில் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்தது. 2006–2018 காலத்தில் ஆண்டுக்கு 3.7 மி.மீ. வேகம். படிக்கட்டில் ஒரு படி அளவுதானே என்று தோன்றும். சமதளமான கரையில் அந்த ஒரு படி பக்கவாட்டில் பல மீட்டர் நிலம். அதோடு, முன்பு எப்போதாவது தொட்ட உயரத்தைச் சாதாரணப் பௌர்ணமி ஓதமே தொட ஆரம்பிக்கும்.

வீடு வாங்குபவருக்குத் தண்ணீர் வருவதற்கு முன்பே வேறொன்று வந்துவிடும். வேல்ஸ் நாட்டில் ஃபேர்போர்ன் என்ற கடலோரச் சிற்றூர் இருக்கிறது. 2054க்குப் பிறகு அங்கே கடல் தடுப்புகளைப் பராமரிக்கப்போவதில்லை என்ற திட்டம் வெளியானது. ஊர் இன்னும் காய்ந்துதான் இருந்தது. ஆனால் வீட்டுக்கடன் கிடைப்பது கடினமாகிவிட்டது, வீட்டு விலை சரிந்தது. அதனால் உங்கள் ஊர்க் கரைக்கு அரசு என்ன திட்டம் வைத்திருக்கிறது என்று தேடிப் படியுங்கள். கரையைக் காக்கப்போகிறார்களா, கைவிடப்போகிறார்களா? இது வீட்டு வரைபடத்தைவிட முக்கியமான காகிதம்.

பழைய வீடு ஒன்று மலிவாக வருகிறது. எதைப் பார்க்க வேண்டும்?

மலிவுக்குக் காரணம் பெரும்பாலும் கூரையின் அடிப்பக்கத்தில் இருக்கும். அண்ணாந்து பாருங்கள்.

கான்கிரீட் நன்றாக இருக்கும்வரை அதன் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை வைத்திருக்கும். உப்பிலுள்ள குளோரைடு மெதுவாக உள்ளே இறங்கி அந்தப் படலத்தை உடைக்கிறது. கம்பி துருப்பிடிக்கத் தொடங்குகிறது. இரும்பு இருந்த இடத்தைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் துருவுக்கு வேண்டும். இடம் இல்லாததால் அது கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. கம்பி போகும் வழியிலேயே நேர்கோட்டில் விரிசல், அதில் பழுப்பு நிறக் கசிவு, கடைசியில் கீழ்ப்பக்கம் பாளம் பாளமாக உதிர்வது. இந்த வரிசைதான்.

விற்பதற்கு முன்னால் பூசி வெள்ளையடித்திருப்பார்கள். அதனால் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம், காதையும் வைத்துப் பாருங்கள். நான் சின்னச் சுத்தியல் ஒன்று எடுத்துப் போவேன். உத்தரத்திலும் பால்கனியின் அடியிலும் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் 'டிங்' என்று கல்லில் தட்டிய சத்தம் வரும். திடீரென்று ஓரிடத்தில் 'டொக்' என்று காலிப் பெட்டியைத் தட்டியதுபோல் கேட்கும். அங்கே மேற்பூச்சு கழன்று உள்ளே வெற்றிடம் ஆகிவிட்டது. ஒருமுறை நண்பர் ஒருவருக்காகப் பார்க்கப் போன வீட்டில் பால்கனியை இரண்டாவது தடவை தட்டியபோது தட்டு அகலத்துக்கு ஒரு பாளம் என் காலடியில் விழுந்தது. உள்ளே பத்து மி.மீ. கம்பி இருந்திருக்க வேண்டும், பென்சில் முனைபோல இளைத்திருந்தது. விற்பவர், "பூசிக்கொடுத்துவிடுகிறேன்" என்றார்.

பூச்சு தீர்வு இல்லை. பாதிக்கப்பட்ட கான்கிரீட்டை வெட்டியெடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் மாற்றி, அப்புறம்தான் மூட வேண்டும். ஒன்றிரண்டு இடம் என்றால் செய்துகொள்ளலாம். தூண்களிலும் அந்தச் சத்தம் கேட்டால் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

புதிதாகக் கட்டினால் இந்தத் தொல்லை இல்லையே?

சரியாகக் கட்டினால் தள்ளிப்போடலாம். கம்பிக்கு வெளியே எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது என்பதில்தான் பாதி விஷயம். உதாரணத்துக்கு இந்தியாவின் ஐ.எஸ். 456 நெறிமுறை கடலோரப் பகுதிக்கு 45 மி.மீ. மூடாக்கும், கடல்நீர் தெறிக்கும் இடத்துக்கு 50 மி.மீ. மூடாக்கும் கேட்கிறது. கான்கிரீட்டின் வலுத்தரமும் முறையே எம்30, எம்35க்குக் குறையக் கூடாது. உள்நாட்டு வீட்டுக்குக் கட்டிப் பழகிய மேஸ்திரி 20, 25 மி.மீ. கணக்கிலேயே கவர் பிளாக் (கம்பிக்கு வெளியே இடைவெளி விடவைக்கும் துண்டு) போட்டுவிடுவார். கான்கிரீட் ஊற்றும் முன் அளவுகோலோடு நீங்களே போய் நில்லுங்கள். கழுவாத கடல்மணலையும் கிணற்றின் உப்புநீரையும் கலவைப் பக்கமே விடக் கூடாது. வெளியிலிருந்து உப்பு வர இருபது வருடம் ஆகும் என்றால், இப்படிச் செய்தால் முதல் நாளே உள்ளே வைத்துக் கட்டிவிடுகிறோம்.

தாழ்வான இடமென்றால் தரைத்தளத்தைத் தூண்களின்மேல் உயர்த்தி, கீழே தண்ணீர் ஓட விடுவது நல்ல யோசனை. மின்பலகையும் நீர் மோட்டாரும் மேலே இருக்கட்டும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்குமா?

பிடிக்கும். சமையலறைப் பாத்திரங்களில் பரவலாகக் காணப்படும் 304 வகையில் குரோமியமும் நிக்கலும் உண்டு. உப்புக்காற்றுக்கு அது போதாது. 316 வகையில் கூடுதலாக 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் இருக்கிறது, அதுதான் தாங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எங்கள் வீட்டுக் கைப்பிடிகளை "கடலுக்கே போடலாம் சார்" என்று சொல்லித்தான் விற்றார்கள். ஏழாவது மாதத்தில் தேநீர் சிந்திக் காய்ந்ததுபோல் பழுப்புப் புள்ளிகள். 316லும் அந்தக் கறை கொஞ்சம் வரும், ஆனால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் போய்விடும்.

அலுமினிய ஜன்னலில் வேறு உலோக ஆணி போடாதீர்கள். உப்பு ஈரம் இரண்டையும் சேர்த்து ஒரு பேட்டரியாக்கி அலுமினியத்தைத் தின்றுவிடும்.

ஏசி, ஃப்ரிட்ஜ், வண்டி?

எல்லாவற்றுக்கும் ஆயுள் குறைவு. ஏசியின் வெளி யூனிட்டைக் கடலைப் பார்த்து வைக்காதீர்கள், வீட்டின் மறைவுப் பக்கம் வையுங்கள், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள். வண்டிக்கு மேலே பார்ப்பதைவிட அடிப்பக்கம் கழுவுவது முக்கியம். புத்தகம் அதிகம் வைத்திருப்பவர்கள் அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள், பின்னால் காற்று போகட்டும்.

கிணறு வெட்டினால் நல்ல தண்ணீர் கிடைக்குமா?

பல இடங்களில் கிடைக்கும், கரையை ஒட்டிய மணலில்கூட. நல்ல தண்ணீர் உப்புநீரைவிட லேசு, அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நிலத்தடி நீர் 1 மீட்டர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் வைத்து இழுத்து மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால், கீழிருந்து உப்பு 40 மீட்டர் ஏறி வரத் தயாராகிறது. ஒருமுறை உப்பு ஏறிய கிணறு சீக்கிரம் தேறாது. ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போகப் போக நல்லது என்ற உள்நாட்டு எண்ணம் இங்கே எடுபடாது. அகலமான, ஆழம் குறைந்த கிணற்றில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதே முறை.

கோடைக் கடைசியில் தண்ணீரைச் சோதியுங்கள், மழை முடிந்ததும் எந்தக் கிணறும் இனிக்கும். குளோரைடு லிட்டருக்கு 250 மி.கி. தாண்டினால் நாக்கு கண்டுபிடிக்கத் தொடங்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு (டி.டி.எஸ்.) லிட்டருக்கு 1,000 மி.கி.க்கு மேல் போனால் குடிக்கப் பிடிக்காது. கிணற்றைவிட நான் அதிகம் பயப்படுவது கழிவுநீர்த் தொட்டிக்கு. நிலத்தடி நீர் ஒரு ஆள் ஆழத்தில் இருக்கும் ஊரில் மழைக்காலத்தில் தொட்டி வடியாது. உங்கள் தொட்டியும் பக்கத்து வீட்டுத் தொட்டியும் உங்கள் கிணற்றிலிருந்து எத்தனை அடி என்று அளந்து பாருங்கள். கிருமிச் சோதனையும் செய்துவிடுங்கள்.

சட்டத்தில் தனியாக என்ன பார்க்க வேண்டும்?

கரையிலிருந்து எத்தனை மீட்டருக்குள் கட்டலாம், கூடாது என்று ஏறக்குறைய எல்லா நாட்டிலும் விதி இருக்கிறது. டென்மார்க்கில் பொதுவாக 300 மீட்டர், ஸ்வீடனில் 100 மீட்டர். ஸ்பெயினில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 மீட்டர் பாதுகாப்பு வளையம். இந்தியாவில் உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாட்டு மண்டலம், அதற்குள் வகைக்கு வகை விதி மாறும்.

இதில் பலர் தவறவிடும் ஒன்று உண்டு. "வீடு ஏற்கெனவே இருக்கிறது, அதனால் சட்டப்படி சரி" என்று நினைத்துவிடுகிறார்கள். விதி வருவதற்கு முன் கட்டிய வீடு நிற்கலாம், ஆனால் அது விழுந்தால் அதே இடத்தில் திரும்பக் கட்ட அனுமதி கிடைக்குமா? மாடி எடுக்கலாமா? இதை எழுத்தில் வாங்குங்கள். பத்திரத்தில் நில எல்லை "கடல்" என்று எழுதியிருந்தால், அந்தக் கடல் எந்த வருடத்துக் கடல் என்று நில அளவையாளரை விட்டுக் கேளுங்கள். கரைக்குப் போகும் நடைபாதை, வலை உலர்த்தும் இடம், படகு இழுக்கும் வழி ஆகியவை உங்கள் மனைக்குள் வருகிறதா என்பதையும் பாருங்கள். காகிதத்தில் இல்லாவிட்டாலும் காலங்காலமாகப் புழங்கும் உரிமையை மறிக்க முடியாது, மறிக்கவும் கூடாது.

காப்பீடு எடுத்தால் கவலை இல்லைதானே?

எதற்கு எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பல நாடுகளில் சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. அமெரிக்காவில் 1968 முதல் வெள்ளத்துக்குத் தனித் திட்டமே இருக்கிறது. பொதுவாக, எடுத்த 30 நாள் கழித்தே அது அமலுக்கு வரும். புயல் செய்தி பார்த்துவிட்டு ஓடிப்போய் எடுக்க முடியாது. பிரிட்டனில் வெள்ள அபாய வீடுகளுக்காக 2016இல் வந்த ஃபிளட் ரீ ஏற்பாடு, 2009 ஜனவரி 1 முதல் கட்டிய வீடுகளை ஏற்பதில்லை. மெதுவாக நடக்கும் கடலரிப்புக்கு எங்கேயுமே ஈடு கிடைப்பது அபூர்வம். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், அந்த முகவரிக்குக் காப்பீடு எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். இரண்டு நிறுவனம் மறுத்தால் அதைவிடத் தெளிவான பதில் வேறு கிடைக்காது.

ஊர்க்காரர்கள் நம்மைச் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் உங்கள் வேகத்தில் இல்லை. சின்ன ஊரில் நீங்கள் யாரிடம் வீடு வாங்கினீர்கள், எவ்வளவுக்கு, என்ன வண்டி என்பதெல்லாம் நீங்கள் சாமான் இறக்கும் முன்பே தெரிந்திருக்கும். ஒளிக்க முயல வேண்டாம்.

வந்த புதிதில் நான் செய்த தப்பு ஒன்று. அதிகாலை மூன்று மணிக்குப் படகு இன்ஜின் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று தெருவில் ஒருவரிடம் சலித்துக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கடையில் இன்னொருவர் சிரித்துக்கொண்டே, "தம்பிக்குத் தூக்கம் வரலையாமே" என்றார். அந்தச் சத்தம் அவர்களுக்குப் பிழைப்பு, நான்தான் அதன் பக்கத்தில் வந்து படுத்தவன். பிறகு அதே சத்தம் கேட்காத நாளில்தான் எனக்கு விழிப்பு வந்தது: ஏன் யாரும் போகவில்லை, காற்று மாறிவிட்டதா?

உங்கள் கையில் ஒரு தொழில் இருந்தால் பழக்கம் சீக்கிரம் வரும். படிவம் நிரப்பத் தெரியும், மோட்டார் பழுது பார்க்கத் தெரியும் என்று ஏதாவது ஒன்று. வந்த முதல் வருடமே கரையைச் "சீர்திருத்த" யோசனை சொல்ல ஆரம்பிப்பவர்கள்தான் தனித்துப்போகிறார்கள்.

நாம் இல்லாத மாதங்களில் வாடகைக்கு விட்டால் வருமானம் வருமே?

வரலாம். ஆனால் பராமரிப்பையும் காலியாக இருக்கும் மாதங்களையும் கழித்துக் கணக்குப் போடுங்கள். பூட்டிக் கிடக்கும் கடலோர வீடு குடியிருக்கும் வீட்டைவிட வேகமாகக் கெடும். ஊர்ப் பக்கமிருந்தும் பாருங்கள். விடுமுறை வீடுகள் பெருகினால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு கிடைக்காது, பள்ளியில் பிள்ளைகள் குறையும். இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் 2016இல் வாக்கெடுப்பு நடத்தி, புதிதாகக் கட்டும் வீடுகளை நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கே என்று ஒதுக்கினார்கள். உங்கள் ஊரிலும் அப்படி விதி வரலாம். வாடகைக் கணக்கை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

வயதான பெற்றோரைக் கூட்டிப் போகலாமா?

அவசர சிகிச்சை உள்ள மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம் என்று மழை பெய்யும் இரவில் ஓட்டிப் பாருங்கள். ஊருக்குள் வர ஒரே சாலைதான் என்றால், அது முதலில் மூழ்கும் சாலையா என்று கேளுங்கள். மற்றதெல்லாம் பழகிவிடும்.

அலைச் சத்தத்தில் தூக்கம் வருமா?

ஒரு வாரத்தில் காது மறந்துவிடும். காற்றில் ஜன்னல் கடகடப்பதுதான் மறக்காது. ரப்பர் பட்டை போடுங்கள்.

சுனாமி வந்தால்?

எச்சரிக்கைக்குக் காத்திருக்காதீர்கள். கரையில் இருக்கும்போது நிலம் பலமாகவோ நெடுநேரமோ ஆடினால், கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால், பெரிய இரைச்சல் கேட்டால், மேட்டுக்கு நடங்கள். வண்டி எடுத்தால் நெரிசலில் சிக்குவீர்கள். முதல் அலைதான் பெரியது என்று இல்லை. பல மணி நேரம் கழித்தும் அலை வரும், எனவே சாமான் எடுக்கத் திரும்ப வேண்டாம். வீட்டிலிருந்து மேட்டுக்குப் போகும் வழியை ஒருமுறை பகலிலும் ஒருமுறை இருட்டிலும் நடந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்?

டார்ச் விளக்கு, சின்னச் சுத்தியல், பேனா அளவில் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர், அளவு நாடா. அந்தக் கரைக்கான ஓத அட்டவணையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாளில், ஓதம் உச்சத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். தரகர் பெரும்பாலும் மாலை, தண்ணீர் வற்றிக் கரை அகலமாக இருக்கும் நேரத்தைச் சொல்வார். "எனக்குக் காலை பத்து ஐம்பதுதான் தோது" என்று சொல்லிவிடுங்கள். காரணம் கேட்டால், வேறு வேலை இருக்கிறது என்று சொன்னால் போதும்.